நினைவிலிருந்து வரைந்த டயல்

முதன்முதலாக ஒரு விலை உயர்ந்த வாட்ச் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேறு எதற்கோ எடுத்த தாளில் அதன் முகத்தை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். வட்டம் வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கீழே பிராண்டின் சின்னமும் பெயரும் எழுத்துப் பிசகாமல் வந்தன. அதோடு பென்சில் நின்றுவிட்டது. மணிக்குறிகள் கோடுகளா, புள்ளிகளா? நொடி முள்ளின் நுனி எப்படி இருக்கும்? தேதி மூன்று மணியிலா, நாலரை மணிப் பக்கமா? தினமும் கையில் கட்டிய பொருள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். பெயரைத் தவிர எதுவும் என் கண்ணில் தங்கவில்லை.

அது எந்த பிராண்ட் என்பதைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் வாட்ச்மேல் ஒரு குறையும் கிடையாது. நேரம் தவறாது, எஃகு வேலைப்பாடு அருமை. நான் அதைத் தேர்ந்தெடுத்த விதம்தான் பிழை. ஒரு வருடம் தேடிப் படித்தேன். எந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம், எதைத் திரும்ப விற்றால் நட்டம் குறைவு, எதைக் கட்டிக்கொண்டு போனால் தெரிந்தவர்கள் தலையாட்டுவார்கள் என்றெல்லாம் பார்த்தேன். என் கை எப்படிப்பட்டது என்று மட்டும் பார்க்கவில்லை. வாட்ச்சின் அகலம் 44 மில்லிமீட்டர், கனம் 16 மில்லிமீட்டர், எஃகுப் பட்டையோடு சேர்த்து எடை 200 கிராமுக்குப் பக்கம். சட்டைக் கையின் பட்டனைப் போட்டால் வாட்ச் உள்ளே போகாது. சாயங்காலம் ஆனால் கழற்றி மேஜையில் வைத்துவிடுவேன். அப்புறம் காலையிலேயே பெட்டியில் விட்டுவிட்டுக் கிளம்பத் தொடங்கினேன்.

அந்த அரைகுறைப் படத்தைப் பார்த்த பிறகுதான், பெயர் என்பது என்ன, பிடித்தம் என்பது என்ன என்று இரண்டையும் பிரித்து யோசிக்க ஆரம்பித்தேன். பிராண்டுகளின் பெருமையெல்லாம் விளம்பரம் கட்டிய மாளிகை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெருமையில் பெரும்பகுதி உழைத்துச் சம்பாதித்தது.

ரோலெக்ஸையே எடுத்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாட்ச் டயலில் பெரும்பாலும் விற்ற கடைக்காரரின் பெயர்தான் இருக்கும். 1905-ல் லண்டனில் தொழில் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் இதை மாற்ற நினைத்தார். சின்ன டயலில் அடங்க வேண்டும், எந்த மொழிக்காரர் வாயிலும் சுலபமாக வர வேண்டும் என்று ஒரு சொல்லைத் தேடி, 1908-ல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1926-ல் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கூடு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் க்ளைட்ஸ் என்ற ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை, தான் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தது உண்மை என்று நிரூபிக்க மறுபடியும் கடலில் இறங்கினார். இந்த முறை அவர் கழுத்தில் ஒரு ஆய்ஸ்டர் தொங்கியது. கடுங்குளிர். பத்து மணி நேரத்துக்கு மேல் போராடியவரைக் கரை சேரும் முன்பே படகில் தூக்க வேண்டியதாயிற்று. வாட்ச் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. 1927 நவம்பர் 24 அன்று டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க வில்ஸ்டோர்ஃப் அதை விளம்பரம் செய்தார். விளம்பரம்தான், ஆனால் அதற்குக் கீழே ஒரு நிஜமான கடலும் நிஜமான குளிரும் இருந்தன. இன்றும் ஒரு நாளைக்கு இரண்டு நொடிக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது என்று தன் வாட்ச்களுக்கு அந்த நிறுவனம் விதி வைத்திருக்கிறது. துல்லியமான ஓட்டத்துக்குத் தரப்படும் சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்றிதழுக்கு மைனஸ் நாலிலிருந்து பிளஸ் ஆறு நொடிவரை இருந்தாலே போதும். இப்படி ஒரு பெயரை நம்பி வாங்குகிறவரைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பேட்டரி இல்லாமல் சுருள்வில்லில் ஓடும் மெக்கானிக்கல் வாட்ச் என்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டும். இருபது வருடம் கழித்தும் உதிரிபாகம் கிடைக்குமா என்பது பெரிய கேள்வி. நிலைத்த நிறுவனங்களிடம் அதற்குப் பதில் இருக்கிறது.

ஆனால் பெயரின் பின்னால் கொஞ்சம் உள்ளே போனால் கதை சிக்கலாகிறது. சுவிஸ் கடிகார உலகின் உச்சத்தில் இருக்கும் மூன்று பெயர்கள் பட்டேக் பிலிப், ஓடெமார் பிகே, வாஷெரோன் கான்ஸ்டன்டின். 1970-களில் இந்த மூவரும் எஃகில் துணிச்சலான வாட்ச்களைக் கொண்டுவந்தார்கள்: 1972-ல் ஓடெமார் பிகேயின் ராயல் ஓக், 1976-ல் பட்டேக்கின் நாட்டிலஸ், 1977-ல் வாஷெரோனின் 222. மூன்றுக்குள்ளும் துடித்த இயந்திரத்தின் அடிப்படை ஒன்றே. ஜாஜர்-லுகுல்ட்ர் தயாரித்த 920 என்ற, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரம் அது. தேதியோடு சேர்த்தே மூன்று மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் பாணியில் அதை மெருகேற்றி வேறு எண் கொடுத்துக்கொண்டது. ஜாஜர்-லுகுல்ட்ரோ அதைத் தன் பெயர் போட்ட எந்த வாட்ச்சிலும் வைக்கவில்லை. இதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. தரவரிசைப் பட்டியல்களில் அந்த மூன்று பெயர்களுக்குக் கீழே நான் பார்த்துப் பழகிய ஒரு நிறுவனம், அந்த மூன்றுக்கும் இதயம் செய்து கொடுத்திருக்கிறது.

ரோலெக்ஸின் டேடோனா என்ற பந்தய வாட்ச்சும் அப்படித்தான். 1988 முதல் 2000 வரை வந்த டேடோனாவுக்குள் ஜெனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ இயந்திரம் இருந்தது. மணிக்கு 36,000 துடிப்பை 28,800 ஆகக் குறைத்து, நிறைய பாகங்களை மாற்றித்தான் ரோலெக்ஸ் அதைப் பயன்படுத்தியது. அந்த எல் பிரிமேரோ இன்று உயிரோடு இருப்பதற்கே ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி காரணம். 1970-களின் நடுவில், மெக்கானிக்கல் வாட்ச்களைக் கைவிட முடிவு செய்த நிர்வாகம் அவற்றைச் செய்யும் கருவிகளை அகற்றச் சொன்னது. அவர் அவற்றைக் குறிப்புகளோடு தொழிற்சாலையின் பரணில் ஒளித்து வைத்தார். பின்னாளில் அதே கருவிகளை வைத்துத்தான் மறுபடியும் உற்பத்தி தொடங்கியது. டேடோனாவின் பெருமையில் வெர்மோவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன், டயலில் அவர் பெயர் இல்லாவிட்டாலும்.

பெயர் முதலில் வருகிறதா, பிடித்தம் முதலில் வருகிறதா என்று யோசித்தபோது அதே டேடோனாவே எனக்கு இன்னொரு பாடமும் வைத்திருந்தது. 1960-களின் கடைசியில், வழக்கத்துக்கு மாறான எண் வடிவமும் மாறுபட்ட நிற ஓரமும் கொண்ட டயலோடு சில டேடோனாக்கள் வந்தன. யாருக்கும் அவை பெரிதாகப் பிடிக்கவில்லை, கடைகளில் தேங்கிக் கிடந்தன. அப்படி ஒன்றை நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் உட்வார்ட் வாங்கிக் கொடுத்தார். கார் பந்தயத்தில் ஆர்வம் கொண்டிருந்த கணவரைப் பார்த்து ஓட்டச் சொல்லிப் பின்பக்கத்தில் பொறித்தும் கொடுத்தார். நியூமன் அதை வருடக்கணக்கில் கட்டினார். பிறகு அந்த டயலுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அந்த வாட்ச் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. உட்வார்ட் அதை எடுத்த நாளில் அதற்குச் சந்தை மதிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெண்ணின் கண் அந்த டயலில் நின்றது, அவ்வளவுதான்.

ராயல் ஓக்கை வரைந்த ஜெரால்ட் ஜெண்டாவும் நினைவுக்கு வருகிறார். ஒரே இரவில் வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எண்கோண வளையம், வெளியே தெரியும் எட்டு திருகாணிகள், 39 மில்லிமீட்டர் அகலம், அதுவும் எஃகில். பல தங்க வாட்ச்களைவிட விலை அதிகம். ஆரம்பத்தில் விற்பனை மெதுவாகத்தான் போனது. இன்று அதே வடிவத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நானும் அதை ரசிக்கிறேன். ஆனால் 1972-ல், எந்தப் பெருமையும் இன்னும் ஒட்டாத நிலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்திருந்தால் எனக்குப் பிடித்திருக்குமா? அன்றைக்கு அதை விரும்பி வாங்கிய அந்தச் சிலர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

வரைந்து பார்க்கும் வேலையை ஒரு பழக்கமாக்கிக்கொண்டேன். எந்த வாட்ச்சைப் பார்த்தாலும், ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து வரைவேன், பெயரை மட்டும் எழுதாமல். பல பிரபலமான வாட்ச்கள் வெறும் வட்டத்தோடு நின்றன. சில அப்படியே வந்தன. கார்டியே டாங்க் முதல் நாளே வந்தது: இரண்டு பக்கமும் நீளும் செங்குத்துச் சட்டங்கள், நடுவில் தண்டவாளம் போன்ற நிமிடக் கோடு, நீல முட்கள். 1917-ல் லூயி கார்டியே வரைந்தது, மேலிருந்து பார்த்த போர் டாங்கியின் வடிவம். அதன் ரோமன் எண்களில் ஏழைக் குறிக்கும் எழுத்தின் ஒரு கோட்டுக்குள், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் அளவில் கார்டியே என்ற பெயர் ஒளிந்திருக்கும். தன் பெயரைத் தானே ஒளித்து வைத்து விளையாடும் அந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடிக்கும். கையில் கட்டிப் பார்த்தேன், என் கைக்கு அது கொஞ்சம் மெலிவாகத் தெரிந்தது. அழகு வேறு, பொருத்தம் வேறு.

அப்புறம் வந்தது கிராண்ட் செய்கோவின் ஸ்னோஃப்ளேக். பனிக்கீற்று என்று சொல்லலாம், ரசிகர்கள் வைத்த பெயர் அது. ஜப்பானில் நகானோ மாநிலத்தின் ஷியோஜிரியில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டறையில் செய்கிறார்கள். காற்று அடித்துப் போன பனித்தரை எப்படி மெல்லிய மடிப்புகளோடு கிடக்குமோ, டயல் அப்படி இருக்கும். வெள்ளை வண்ணம் பூசியதில்லை, வெள்ளி முலாம் பூசி வரவழைத்த வெண்மை. வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும். காலையில் சாம்பல் கலந்திருக்கும், மதியம் கண் கூசும், விளக்கடியில் லேசாக மஞ்சள் ஏறும். அதன்மேல் ஒரே ஒரு நீல முள். சூடேற்றி நீலமாக்கிய எஃகு நொடி முள். அது துடிக்காது. டிக் டிக் என்று தாவாது. மிதந்து போகும்.

அந்த மிதப்புக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் இருக்கிறது. யோஷிகாஸு அகாஹானே என்ற பொறியாளர் 1977-ல் ஒரு யோசனையோடு தொடங்கினார். சாவி கொடுக்கும் சுருள்வில்லின் விசையில் ஓட வேண்டும், பேட்டரி கூடாது, ஆனால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சின் துல்லியம் வேண்டும். சுருள்வில் பற்சக்கரங்களை ஓட்டும், கடைசிச் சக்கரம் நொடிக்கு எட்டு முறை சுழலும். அந்தச் சுழற்சியிலேயே துளியூண்டு மின்சாரம் பிறந்து ஒரு குவார்ட்ஸ் படிகத்தை நொடிக்கு 32,768 முறை அதிரவைக்கும். சக்கரம் அந்தத் தாளத்தை மீறி ஓடப் பார்த்தால் காந்த விசை பிரேக் போடும். எதுவும் எதையும் இடிப்பதில்லை, அதனால்தான் முள் வழுக்கிப் போகிறது. மாதத்துக்கு 15 நொடி முன்பின், அவ்வளவுதான் பிழை. இருபது வருடங்களுக்கு மேல் எடுத்த வேலை. ஸ்பிரிங் டிரைவ் என்ற பெயரோடு அது 1999-ல் வெளியானது. அகாஹானே 1998-லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவையும் ஒரு பழைய நண்பரிடம் ஆசையாகச் சொன்னேன். வாட்ச் பற்றி என்னைவிட அதிகம் அறிந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிப்பா. ஆனா கடைசியில அது செய்கோதானே? அந்தப் பணத்துக்கு ஒரு சுவிஸ் பேரை வாங்கலாமே” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செய்கோ என்றால் எல்லாருக்கும் எளிதில் கிடைக்கும் நம்பகமான வாட்ச் என்பதே உலகம் முழுக்க உள்ள படிமம். 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து சுவிஸ் தொழிலையே உலுக்கியவர்கள் அவர்கள். அந்த வெற்றியே உயர்தர வாட்ச் என்ற இடத்தில் அவர்களுக்கு எதிராக நின்றது. 1960-லிருந்து கிராண்ட் செய்கோ என்ற வரிசையை அவ்வளவு நுணுக்கமாகச் செய்தும், பல பேர் டயலில் அந்தப் பெயரைப் படித்ததும் திரும்பிக்கொண்டார்கள்.

நிறுவனத்துக்கே இது தெரிந்திருக்க வேண்டும். 2017-ல் கிராண்ட் செய்கோவைத் தனி பிராண்டாகப் பிரித்தார்கள். அதுவரை பன்னிரண்டு மணிக்குக் கீழே செய்கோ என்றும், ஆறு மணிக்கு மேலே கிராண்ட் செய்கோ என்றும் இரண்டு பெயர்கள் இருந்தன. அதற்குப் பிறகு மேலே இருந்த செய்கோ போய், கீழே இருந்த கிராண்ட் செய்கோ அந்த இடத்துக்கு ஏறியது. என் முன்னால் இரண்டு ஸ்னோஃப்ளேக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஒன்று பழைய டயல், யாரோ பத்திரமாக வைத்திருந்தது. இன்னொன்று புதியது. ஒரே டைட்டானியம் கூடு, ஒரே இயந்திரம், ஒரே பனி, ஒரே நீல முள். மாறியது எழுத்து மட்டும்தான்.

நான் புதியதை எடுத்தேன். காரணம் கேட்டால், கீழ்ப்பாதியில் எழுத்து குறைந்து டயலுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது, மிச்ச ஓட்டத்தைக் காட்டும் பவர் இண்டிகேட்டர் இருக்கும் பக்கம் நெரிசல் குறைந்திருக்கிறது என்று சொல்வேன். அது உண்மை. அன்று கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நண்பரின் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருந்தால், மேலே அந்தத் தனிச் சொல் இருந்ததை நெரிசலாகப் பார்த்திருப்பேனா? பெயரை மூடி வைத்து வரைந்து வரைந்து என் கண்ணைப் பழக்கியவன், கடைசியில் அந்தப் பெயர் இல்லாத டயலைத் தேர்ந்தெடுத்தது வெறும் ரசனைதானா? இதைப் பல தடவை யோசித்துவிட்டேன். என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெயர் வெளியில் மட்டும் இருப்பதில்லை, பார்க்கும் கண்ணுக்குள்ளும் கொஞ்சம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை முழுக்கத் துடைத்துவிட்டுப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். இதன் எடை கிட்டத்தட்ட 100 கிராம், முந்தையதில் பாதி. சட்டைக் கைக்குள் போய்விடுகிறது. மூன்று வருடமாகச் சாயங்காலத்தில் கழற்றவில்லை. எட்டு மணிப் பக்கம் இருக்கும் பவர் இண்டிகேட்டரை ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவே இல்லை, சமநிலையைக் கெடுப்பதாகத் தோன்றியது. இப்போது இரவில் வாட்ச்சை வைக்கும்போது கை தானாக அதைப் பார்க்கத் திருப்புகிறது, இன்னும் எவ்வளவு ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்று.

முதலில் வாங்கிய வாட்ச் வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தது. போன தடவை தம்பி வந்தபோது எடுத்துக் காட்டினேன். அவனுக்கு என்னைவிடப் பெரிய கை. கட்டிப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. “அண்ணா, இந்த பிராண்டுதான் நான் ஸ்கூல்ல படிக்கும்போதிருந்து ஆசைப்பட்டது, உனக்குத் தெரியுமா?” என்றான். எனக்குத் தெரியாது. பதினான்கு வயதில் ஒரு பத்திரிகை விளம்பரத்தைக் கத்தரித்துப் புத்தகத்துக்குள் வைத்திருந்தானாம். பெயரைப் பார்த்து வாங்குவது பற்றி நான் சேர்த்து வைத்திருந்த எண்ணங்களில் பாதி அந்த நிமிடம் ஆட்டம் கண்டது. நான் நிம்மதிக்காக வாங்கிய அதே பெயரை அவன் பதினான்கு வயதிலிருந்து சுமந்து வந்திருக்கிறான். அவன் பிடித்தம் அந்தப் பெயரோடு சேர்ந்தேதான் வளர்ந்திருக்கிறது, இரண்டையும் வெட்டிப் பிரிக்க நான் யார்?

அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டேன். பட்டையில் ஒரு கண்ணியைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. சும்மா ஒரு ஆசைக்கு, தாளும் பென்சிலும் கொடுத்து, வாட்ச்சைப் பார்க்காமல் டயலை வரையச் சொன்னேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வரைந்தான். கட்டி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மணிக்குறிகள் எல்லாம் வந்தன. நொடி முள்ளின் நுனியில் இருக்கும் சின்ன வட்டமும் வந்தது. தேதி நாலரை மணிப் பக்கம்.